உயேச்சி-ரியூ கராத்தே: மூன்று கட்டாவா, எட்டு கட்டாவா?

குதிரைநிலை எழுதியது:

வணக்கம். நான் கோஜு-ரியூ என்ற ஒகினாவா கராத்தே பாணி பழகுகிறவன். ஒகினாவாவின் இன்னொரு பள்ளியான உயேச்சி-ரியூ பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. அதனால் இந்த இழை.

இரண்டு பாணிக்கும் அடித்தளம் சான்சின் என்ற கட்டாதான் (கட்டா என்றால் வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்பு). எங்களுடையதில் கை முஷ்டியாக மூடியிருக்கும், மூச்சுச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். உயேச்சிக்காரர்கள் விரல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரிய சத்தம் இல்லாமல் செய்கிறார்கள். சரி, அது பாணி வித்தியாசம்.

எனக்குப் புரியாதது வேறு. நிறுவனர் உயேச்சி கான்புன் சீனாவிலிருந்து கொண்டுவந்தது சான்சின், சேசான், சான்செயிரியூ என்ற மூன்று கட்டாக்கள்தானாம். இன்று பழகுவதோ எட்டு. இடையில் நுழைந்த ஐந்தும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தவை. அப்படியென்றால் "பாரம்பரிய ஒகினாவா கராத்தே" என்று பலகை மாட்டுவது எந்தக் கணக்கில்? வம்புக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

---

சேசான்13 எழுதியது:

நல்ல கேள்வி. ஆனால் கான்புன் யார் என்று பார்க்காமல் பதில் சொன்னால் பாதிதான் புரியும்.

1877இல் ஒகினாவாவின் வடக்கே, மோட்டோபு தீபகற்பத்தில் இசுமி என்ற ஊரில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். 1897இல் சீனாவின் ஃபூஜோ நகரத்துக்குக் கப்பலேறினார். கட்டாய ராணுவச் சேவை ஒகினாவாவுக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1898இல். அதிலிருந்து தப்பத்தான் போனார் என்று பள்ளிக்குள்ளேயே சொல்வார்கள். வீரக் கதையில் கதாநாயகன் ராணுவத்துக்குப் பயந்து ஓடுவது அபூர்வம், எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஃபூஜோவில் சோவ் சிஹே என்பவரிடம் பழகினார். ஒகினாவாக்காரர்கள் அவரை ஷூ ஷிவா என்பார்கள். கான்புனைவிட மூன்று வயதுதான் மூத்தவர். புலி பாணிக் குத்துச்சண்டை, கூடவே மூலிகை வைத்தியம். அந்தக் கலைக்குப் பெயர் பங்காய்நூன். ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் சீனாவில் இருந்துவிட்டு 1910 வாக்கில் ஊர் திரும்பினார். திரும்பியதும் கல்யாணம், வயல், குழந்தைகள். கராத்தே பற்றி வாயே திறக்கவில்லை. சீனாவில் அவரிடம் கற்ற ஒருவர் தகராறில் ஒரு ஆளைக் கொன்றுவிட்டார், அந்த மன உளைச்சலில் இனி யாருக்கும் கற்றுத்தரமாட்டேன் என்று முடிவெடுத்தார் என்பது காரணமாகச் சொல்லப்படுவது.

1924இல் பிழைப்பு தேடி ஜப்பான் பெருநிலத்தில் வாகாயாமாவுக்குப் போய் நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இயே தீவைச் சேர்ந்த தோமோயோசே ரியூயூ என்ற இளைஞர் இவரை மோப்பம் பிடித்துவிட்டார். "கற்றுத்தாருங்கள்" என்று நேரே கேட்டால் நடக்காது. அதனால் "நேற்று ஒருத்தன் இப்படி வந்து பிடித்தான், நான் இப்படிச் செய்தேன், சரிதானா?" என்று வந்து நிற்பாராம். தவறான நுட்பத்தைப் பார்த்துக்கொண்டு எந்த வாத்தியாரால் சும்மா இருக்க முடியும்? "அப்படி இல்லை, கையை இங்கே வை" என்று ஆரம்பித்ததுதான். முதலில் ரகசியமாக அவருக்கு மட்டும், பிறகு ஆலைக் குடியிருப்பில் ஒரு சின்னக் குழுவுக்கு, 1932இல் வெளிப்படையாக டோஜோ, அதாவது பயிற்சிக்கூடம். 1940இல்தான் கலைக்கு உயேச்சி-ரியூ என்று பெயர் மாறியது. போர் முடிந்தபின் ஒகினாவாவுக்குத் திரும்பி, இயே தீவில் தங்கி, 1948இல் அங்கேயே காலமானார்.

கட்டா விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். இப்போதே தட்டச்சு செய்து விரல் வலிக்கிறது.

---

சும்மா_பார்ப்பவன் எழுதியது:

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் எத்தனை தற்காப்புக் கலைகளில் இதே கதையைக் கேட்டிருக்கிறோம்! சீனாவில் ரகசிய குரு, ஒரு கொலை, சபதம், விடாப்பிடியான சீடன். இதில் எதற்கு ஆதாரம் இருக்கிறது, எது பள்ளிப் புராணம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

---

சேசான்13 எழுதியது:

முடிந்தவரை பிரிக்கிறேன்.

சோவ் சிஹே நிஜ மனிதர். ஃபூஜோ இருக்கும் ஃபூஜியான் மாகாணத்தில் அவரைப் பற்றித் தனியாகவே தகவல் உண்டு, 1874இல் பிறந்து 1926இல் இறந்தவர். ஒகினாவாவுக்கும் ஃபூஜோவுக்கும் பல நூற்றாண்டு வாணிபத் தொடர்பு இருந்ததால் ஒரு ஒகினாவா இளைஞர் அங்கே போய்த் தங்குவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கோஜு-ரியூவின் வேரான ஹிகாவோன்னா கான்ரியோவும் கான்புனுக்கு முன்பே அதே ஊருக்குப் போனவர்தான்.

சபதம், கொலை எல்லாம் வாய்மொழி. அதை நம்பித்தான் ஆகவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் ஊர் திரும்பியபின் பல வருடம் கற்றுத்தரவில்லை என்பதும், சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது வாகாயாமாவில் என்பதும் உறுதி.

இன்னொன்று. சான்சின் மாதிரியான கட்டா ஃபூஜியானின் வெண்கொக்கு, ஐந்து மூதாதையர் போன்ற பல பாணிகளில் இன்றும் இருக்கிறது. சாயலில் உயேச்சி சான்சினுக்கு நெருங்கி வருகின்றன, ஆனால் அச்சு அசலாக ஒத்துப்போவதில்லை. "சீன மூலத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறோம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

---

ஒசாகா_வாசி எழுதியது:

வேலை நிமித்தம் கன்சாய் பக்கம் இருக்கிறேன், கராத்தே தெரியாது. ஆனால் "1924இல் பிழைப்பு தேடிப் போனார்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே, அதற்குப் பின்னால் பெரிய சோகம் இருக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பிறகு சர்க்கரை விலை படுத்துவிட்டது. கரும்பை நம்பியிருந்த ஒகினாவா அப்படியே சரிந்தது. அரிசியும் இல்லை, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இல்லை என்ற நிலையில் சோத்தெட்சு என்ற மரத்தின் கொட்டையையும் தண்டையும் தின்றார்கள். பார்க்கப் பனை மாதிரி இருக்கும், பனை அல்ல. அதில் விஷம் உண்டு. நறுக்கி, ஊறவைத்து, புளிக்கவைத்து, காயவைத்து மாவாக்கினால்தான் சாப்பிடலாம். பசி பொறுக்காமல் பதம் தப்பிச் சாப்பிட்டுச் செத்தவர்கள் உண்டு. அந்தக் காலத்துக்கே "சோத்தெட்சு நரகம்" என்றுதான் வரலாற்றில் பெயர். அப்போதுதான் ஒகினாவாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஒசாகா, வாகாயாமா, அமாகசாகி ஆலைகளுக்கு வந்தார்கள். ஹவாய்க்கும் பெருவுக்கும் போனவர்கள் தனி.

வந்த இடத்தில் மரியாதை இல்லை. கொரியர்களுக்கும் ஒகினாவாக்காரர்களுக்கும் இடமில்லை என்று எழுதிவைத்த விடுதிகள் இருந்தன. பேச்சு வேறு, சாப்பாடு வேறு, கேலி நிறைய. ஆகவே ஆலைக் குடியிருப்பில் ஒரே தீவுக்காரர்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டார்கள். அந்த இளைஞன் "நேற்று ஒருத்தன் வந்து பிடித்தான்" என்று சொன்னது முழுக்க நடிப்பாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

---

சேசான்13 எழுதியது:

இதைத்தான் எழுத நினைத்தேன், உங்கள் அளவுக்கு எழுதியிருக்கமாட்டேன். நன்றி. கான்புன் மோட்டோபு வயலிலேயே இருந்திருந்தால் இந்தக் கலை அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும். சர்க்கரை விலை விழுந்ததால் உயேச்சி-ரியூ பிழைத்தது என்று சொன்னால் எங்கள் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் உண்மை அதுதான்.

---

வெறுங்கால் எழுதியது:

நான் உயேச்சி பழகுகிறவன், அதனால் உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கட்டா எண்ணிக்கைச் சண்டைக்கு அது அவசியம்.

சான்சின் நிலை: தோள் அகலத்தில் கால்கள். பின்காலின் விரல் நுனி, முன்காலின் குதிகால் இருக்கும் கோட்டில் வரவேண்டும். முன்பாதம் சற்றே உள்ளே திரும்பியிருக்கும். முழங்கால் லேசாக மடங்கி, இடுப்பு முன்பக்கம் சுருண்டிருக்கும். இரண்டு முழங்கைகளும் விலாவிலிருந்து ஒரு முஷ்டி தூரத்தில், விரல் நுனி தோள் உயரத்தில். இந்த நிலையில் மூன்று அடி முன்னால் வந்து, திரும்பி, ஒவ்வொரு அடியிலும் விரல் நுனியால் ஒரு குத்து. பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். சட்டை மட்டும் நனைந்துவிடும்.

பிறகு மாஸ்டர் பின்னால் வந்து நிற்பார். இரண்டு உள்ளங்கையாலும் தோள்பட்டையில் "படார்" என்று அடிப்பார். வலிக்க வைப்பது நோக்கம் இல்லை. அடி விழும்போது தோள் மேலே எழும்புகிறதா என்று பார்ப்பார். எழும்பினால் பலம் கழுத்தில் நிற்கிறது, அக்குளுக்குக் கீழே இறங்கவில்லை என்று அர்த்தம். அடுத்து விலாப்பக்கத் தசையை இரண்டு கையாலும் அமுக்குவார், தொடையின் வெளிப்பக்கம் காலால் தட்டுவார், நீட்டிய கையை வெளியே இழுத்துப் பார்ப்பார். முழங்கை விலகிப்போனால் வாயைத் திறக்கமாட்டார், அதே அடியை இன்னொரு தடவை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டுவார். இதெல்லாம் நடக்கும்போது முகத்தில் ஒரு அசைவும் கூடாது. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் சிரித்துவிடுவார்கள்.

அப்புறம் கோத்தே கித்தாயே. இருவர் எதிரெதிராக நின்று முன்கையோடு முன்கையை மோதிக்கொள்வது. உள்பக்கம், வெளிப்பக்கம், மாறி மாறி. ஆரம்பத்தில் நீலம் பாரிக்கும், பிறகு பழகிவிடும். கால்களுக்கும் இதே மாதிரி உண்டு. காலின் பெருவிரல் நுனியால் உதைப்பது எங்கள் பாணியின் தனி அடையாளம். இரண்டாம் விரலைப் பெருவிரலோடு நெருக்கி, நுனியை ஒரே முனையாக்கி உதைப்போம். ஷூ போட்டுக்கொண்டு பழகுகிறவர்களுக்கு இது வரவே வராது.

இப்போது யோசியுங்கள். கான்புன் காலத்தில் ஒருவர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சான்சின் மட்டும் செய்திருக்கிறார். அடுத்தது நேரே சேசான். வாத்தியார் பக்கத்திலேயே நின்று தட்டித் தட்டித் திருத்தினால்தான் அந்தத் தாவல் சாத்தியம்.

---

சேசான்13 எழுதியது:

இதற்குத் தொடர்ச்சியாக, குதிரைநிலையின் கேள்விக்கு என் பதில்.

கான்புனின் மகன் கானெய் பதினாறு வயதில் அப்பாவைத் தேடி வாகாயாமாவுக்குப் போய்ப் பழகினார். போர்க்காலத்தில் ஒகினாவா திரும்பி, போருக்குப் பிறகு கினோவான் பக்கம் கற்றுத்தர ஆரம்பித்து, 1957இல் ஃபுடென்மாவில் டோஜோ கட்டினார். பக்கத்திலேயே அமெரிக்க விமானத் தளம். உள்ளூர்ப் பிள்ளைகள், அமெரிக்கச் சிப்பாய்கள் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சிப்பாய் ஓரிரண்டு வருடத்தில் ஊர் திரும்பிவிடுவான். அவனை மூன்று வருடம் சான்சினிலேயே நிற்கவைக்க முடியுமா?

ஐந்து கட்டாக்களும் கானெயும் அவருடைய மூத்த மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியவை. வரிசையைக் கவனியுங்கள்: சான்சின், கான்ஷிவா, கான்ஷூ, சேய்ச்சின், சேசான், சேய்ரியூ, கான்சின், சான்செயிரியூ. சான்சினுக்கும் சேசானுக்கும் நடுவில் மூன்று, சேசானுக்கும் சான்செயிரியூவுக்கும் நடுவில் இரண்டு. பெரிய கட்டாக்களில் வரும் அசைவுகளைப் பிரித்தெடுத்து முன்கூட்டியே பழக்கும் படிக்கட்டு. கூடவே கூட்டமாகச் செய்யும் ஆயத்தப் பயிற்சிகள், நிர்ணயிக்கப்பட்ட ஜோடிச் சண்டைகள் எல்லாம் அவர் ஒழுங்குபடுத்தியவைதான். பாஸ்டனில் உயேச்சி-ரியூ வேர்விட்டதற்குக் காரணமான ஜார்ஜ் மேட்சனும் 1950களில் ஒகினாவாவில் ராணுவப் பணியில் இருந்தபோது கற்றவர்தான். கற்றுத்தந்தவர் தோமோயோசே ரியூயூவின் மகன் ரியூகோ.

எனவே, பழைய மூன்றும் கைக்குக் கை கொடுத்த சரக்கு. புதிய ஐந்தும் அந்தச் சரக்கைக் கூட்டத்துக்குக் கொண்டுசேர்க்கச் செய்த ஏற்பாடு. பலகையில் "பாரம்பரியம்" என்று போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஐந்தையும் "சீனாவிலிருந்து வந்தவை" என்று சொன்னால்தான் ஆட்சேபம்.

---

மூன்றே_போதும் எழுதியது:

படிக்கட்டு என்று அழகாகச் சொல்லிவிட்டீர்கள். நடப்பது என்ன? மாணவன் படிக்கட்டிலேயே குடியேறிவிடுகிறான். சான்சினில் மூடிய முஷ்டிக் குத்தே கிடையாது. கான்ஷிவாவில் முஷ்டிக் குத்து வந்துவிட்டது. பொதுவான கராத்தே மாதிரித் தெரியவேண்டும் என்ற ஆசைதான் இது. புது கட்டா ஒன்றுக்கு ஒரு பெல்ட், பெல்ட் ஒன்றுக்கு ஒரு தேர்வு. சான்சின் வார்ம்-அப் ஆகிப்போனது. நான் பழகிய ஓர் இடத்தில் கட்டணம் கட்டிய வேகத்துக்குத்தான் பெல்ட் வந்தது, சான்சினைத் தட்டிப் பார்க்கவே ஆள் இல்லை.

மூன்று போதும். நேரமிருந்தால் மூன்றையும் இன்னொரு தடவை செய்யுங்கள்.

---

குதிரைநிலை எழுதியது:

மூன்றே_போதும் நண்பரே, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் இதே அளவுகோலை எங்கள் பக்கம் வைத்தால் நாங்களும் தேறமாட்டோம். கோஜு-ரியூவின் நிறுவனர் மியாகி சோஜுன் 1940இல் கெகிசாய் கட்டாவை உருவாக்கியதே ஆரம்பநிலைக்காரர்களுக்காக, கராத்தே பரவவேண்டும் என்றுதான். தென்ஷோ கட்டாவும் அவர் அமைத்ததுதான். எங்கள் சான்சினே ஹிகாவோன்னா காலத்தில் திறந்த கையாக இருந்தது, மியாகிதான் முஷ்டியாக்கினார் என்று சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் திறந்த கை விஷயத்தில் உயேச்சிக்காரர்கள்தான் எங்களைவிடப் பழையவர்கள்.

பெல்ட்டும் அப்படித்தான். மியாகி யாருக்கும் டான் தரம் (கறுப்பு பெல்ட் படிநிலை) கொடுக்கவில்லை. 1953இல் அவர் இறந்தபின் வாரிசு யார் என்ற சண்டைக்கு அதுவும் ஒரு காரணம். ஒகினாவாவில் பள்ளிகள் கூடி கூட்டமைப்பு வைத்தது 1956இல். டான் முறை அங்கே ஊன்றியதே அந்தச் சமயத்தில்தான். பெல்ட் வியாபாரத்துக்குக் கட்டா எண்ணிக்கையைக் குற்றம் சொல்வதைவிட, தட்டிப் பார்க்காத மாஸ்டரைச் சொல்லலாமே.

---

மூன்றே_போதும் எழுதியது:

தட்டிப் பார்க்காத மாஸ்டர் எப்படி உருவானார்? எட்டு கட்டாவை முடிக்கும் அவசரத்தில்தான். என் கட்சியை நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

---

சும்மா_பார்ப்பவன் எழுதியது:

சண்டையில் நுழையவில்லை. கானெய்க்குப் பிறகு என்ன ஆயிற்று? ஒரே அமைப்பாக இருக்கிறார்களா?

---

சேசான்13 எழுதியது:

இல்லை. கானெய் 1991இல் காலமானார். அதைச் சுற்றியே பிளவு. மூத்த மாணவர்களில் ஒரு பெரும் பகுதி தனியாகப் போய் ஷோஹெய்-ரியூ என்று பெயரே மாற்றிக்கொண்டது. உயேச்சி குடும்பத்தோடு நின்றவர்கள் உண்டு, பழைய பங்காய்நூன் பெயருக்குத் திரும்பியவர்களும் உண்டு. பெயர் எதுவானாலும் சான்சின் ஏறக்குறைய ஒன்றுதான். இந்தப் பங்காளிச் சண்டையில் எனக்கு ஆர்வம் குறைவு, மன்னிக்கவும்.

---

மூட்டுவலி_டாக்டர் எழுதியது:

இழை முழுக்கப் படித்தேன். எலும்பு மூட்டு என் துறை, அதனால் இரண்டு சந்தேகம். ஒன்று, உடம்பை இறுக்கிக்கொண்டு மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஏற்கெனவே பி.பி. உள்ளவர்கள் சான்சின் செய்யலாமா? இரண்டு, விரல் நுனியால் குத்துவதை எதன் மேல் பழகுகிறீர்கள்? சின்ன எலும்புகள், உடைந்தால் கை வேலைக்கே ஆகாது.

---

வெறுங்கால் எழுதியது:

டாக்டர், முதல் கேள்விக்கு: எங்கள் பக்கம் மூச்சை அடக்கச் சொல்வதில்லை. குத்தும்போது பல்லிடுக்கில் "ஸ்" என்று சின்னதாக வெளியே போகும், மீதி நேரம் மூச்சு அதன்பாட்டில் ஓடவேண்டும். தோளில் அடிப்பதே மூச்சு சிக்கிக்கொள்கிறதா என்று பார்க்கவும்தான். கோஜு முறையில் மூச்சும் அசைவும் நீளமாகப் பிணைந்திருக்கும், அதைக் குதிரைநிலைதான் சொல்லவேண்டும். ஆனால் புதியவர்கள் பத்தில் எட்டுப்பேர் இரண்டிலுமே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். பி.பி. மாத்திரை எடுக்கிறவர்களுக்கு எங்கள் மாஸ்டர் இறுக்கம் இல்லாமல், நிலையும் நடையும் மட்டும்தான் கொடுப்பார், அதுவும் அவரவர் டாக்டரைக் கேட்டபிறகு.

இரண்டாவது: மணல் தொட்டியில் விரலைக் குத்துகிற வேலையெல்லாம் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. ஜாடி தூக்குவதுதான் முக்கியம். வாய் குறுகலான மண்ஜாடியின் விளிம்பை ஐந்து விரலாலும் மேலிருந்து கவ்விப் பிடித்து, சான்சின் நடையில் நடப்பது. முதலில் வெறும் ஜாடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மணல். விரல், மணிக்கட்டு, முன்கை மூன்றும் ஒன்றாகப் பலப்படும். குத்து காற்றில்தான். ஆள் மேல் என்றால் கழுத்துக்குழி மாதிரி மெத்தென்ற இடத்துக்கு, எலும்பின் மேல் ஒருநாளும் இல்லை.

---

குதிரைநிலை எழுதியது:

கோஜுவில் மூச்சு மூக்கால் உள்ளே, வாயால் வெளியே, அசைவு முடியும்போது மூச்சும் முடியும். உரக்கச் செய்யவேண்டும் என்று விதி இல்லை, சில இடங்களில் சத்தத்தையே திறமையாக நினைக்கிறார்கள்.

ஜாடி எங்களிடமும் உண்டு. வெறுங்கால், ஒரு சந்தேகம்: உங்கள் நடையில் ஜாடியோடு திரும்பும்போது பின்கால் குதிகால் தரையை விட்டு எழும்பலாமா?

---

வெறுங்கால் எழுதியது:

கூடாது. எழும்பினால் ஜாடி ஆடும், அதிலேயே தெரிந்துவிடும். முதல் கொஞ்ச நாள் ஜாடியைப் பாயின் மேலேயே பழகுங்கள். எங்கள் இடத்தில் சிமென்ட் தரையில் போட்டு உடைத்ததற்கு ஒரு தனிக் கணக்கு நோட்டே இருக்கிறது.